‘ந’வுக்கு ஒரு பாடகர்

கல்முனையிலிருந்து நிந்தவூர் போகும் பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில் இரண்டு பெண்கள். எழுத்துக்கு ஒருவராக, பிடித்த பாடகர்களை அகரவரிசையில் தெரிவு செய்துகொண்டு வந்தார்கள்.

“‘ந’வுக்கு ஒராளும் மனசுக்கு வருதில்ல புள்ள. அத விட்டுட்டுப் போவம்,” என்றாள் மூத்தவள்.

‘ம’ வந்ததும் இளையவள் தன் அண்ணன் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினாள். “எங்கட காக்கா மஜீதும் ‘ம’தானே மச்சி. கலியாண வீடெல்லாம் பாடுறார். உங்கட மாப்பிள்ளையப் போடுங்களேன்.”

“ஓம், பாடுறார். ஆனா ‘ம’ எண்டா எனக்கு அந்த சினிமாப் பாடகர்தான். இவருக்காக அவர அந்த இடத்திலிருந்து எழுப்பேலாது.”

“காக்கா கேட்டா கவலப்படுவார்.”

“கேட்டாக் கேக்கட்டும்.”

என் பக்கத்தில், மடியில் மீன் பையோடு கண்ணை மூடியிருந்தவர் திரும்பாமலே சொன்னார்:

“நீ எப்பயாச்சும் என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கியா? மகள் பிறந்ததிலிருந்து ‘நஸ்ரின்ட வாப்பா’தானே. ‘ந’ சும்மாதானே கிடக்கு. அதுல போடு.”

பின் சீட்டில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நிந்தவூரில் மூவரும் இறங்க எழுந்தார்கள்.

“நஸ்ரின்ட வாப்பா,” என்றாள் மூத்தவள், பஸ்ஸுக்கே கேட்கும்படி, “மீன் பைய மறந்திடாதீங்க.”

அவர் பாடிக்கொண்டே இறங்கினார்.