ஜீப் கிளம்பிடுச்சு

இந்த மிஷின்ல 'ற' மட்டும் கொஞ்சம் மேல ஏறி விழுது ஐயா. ரிப்பனும் பழசு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு எழுத்துப் பல்லை பிரஷ்ல தேச்சா சரியாயிடும். சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிர்ல அஞ்சு வருஷம் மிஷினோடயே குடும்பம் நடத்தினவன், அதனால கண்ணுல பட்டதைச் சொல்றேன்.

வாக்குமூலத்தை நானே அடிச்சுத் தர்றேன்னு கேட்டேன், சரின்னீங்க. "மனு பாஷையெல்லாம் வேணாம்பா, நீ பேசுறபடியே அடி"ன்னும் சொன்னீங்க. அப்படியே அடிக்கிறேன்.

என் பேர் வேலு. வயசு இருபத்தேழு. ஊர் சங்கரன்கோவில் பக்கம். டைப்பிங் யார்கிட்டயும் போய்ப் படிச்சதில்ல. எங்க டைப்பிங் கடை முதலாளி குலாம் முகம்மது பாய் தொழுகைக்குப் போற நேரத்துல கடையில மிஷினைத் தட்டித் தட்டிக் கத்துக்கிட்டது. கடைக்குப் பின்னாடி பேப்பர் கட்டு அடுக்கி வெச்சிருக்கிற ரூம்லதான் தங்கல். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினா பகலா ராத்திரியான்னு தெரியாது. அதை ஒரு குறையாச் சொல்லல, கேட்டீங்களேன்னு சொல்றேன்.

எங்க ஊர்ல போலீஸ் வந்தா வீட்டுக்குள்ள போய்த் தாழ்ப்பா போட்டுக்குவோம். எங்க அப்பா ஸ்டேஷன் வாசல்ல செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னதை நான் பாத்திருக்கேன். அந்தப் பயத்தை எனக்குப் போக வெச்சது நீங்கதான். தொண்ணூத்தாறுல ஒரு சங்கிலி அறுப்பு கேஸ். சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாவுக்கு நான் அடிச்சுக் குடுத்த மனுவைக் கையில எடுத்துக்கிட்டு நீங்களே கடைக்கு வந்தீங்க. நான் எழுந்து நின்னேன். "உக்காருப்பா, யாரு அடிச்சது இதை? ஒரு தப்பு இல்ல. எல்லாரும் இப்படிக் குடுத்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்"னீங்க. டீ சொல்லி, எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொன்னீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அந்த டீயில சர்க்கரை கம்மின்றது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரம் ஐயான்னா அன்னிலேருந்து எனக்கு ஒரு இது.

போன வருஷம் பாய் கடையில பாதியைப் பிளைவுட் போட்டுத் தடுத்து மூணு கம்ப்யூட்டர் வாங்கி வெச்சாரு. இன்டர்நெட். சாயங்காலம் காலேஜ் பசங்க வருவாங்க. காலையில பதினோரு மணிக்கு மேல ஈ ஓட்டணும், வக்கீல், கட்சிக்காரன் எல்லாம் கோர்ட்டுக்குள்ள போயிடுவாங்க. அந்த நேரத்துல மூலையில இருக்கிற மிஷின்ல உக்காருவேன். சாட் ரூம்னு ஒண்ணு இருக்கு ஐயா. உலகத்துல எங்கெங்கயோ இருக்கிறவங்க ஒரே ரூம்ல இருக்கிற மாதிரி பேசிக்குவாங்க. தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும். முதல்ல என்ன வேலைன்னுதான் கேப்பாங்க. டைப்பிஸ்ட்னு அடிச்சேன். நாலு நாள் அப்படியே அடிச்சேன். யாரும் ரெண்டாவது வரி பேசல. அஞ்சாவது நாள் 'இன்ஸ்பெக்டர், சென்னை சிட்டி'ன்னு அடிச்சேன். ஒரே நிமிஷத்துல ஏழு பேர் வணக்கம் சொன்னாங்க.

நான் அந்த உடுப்புக்கு ஒரு கெட்ட பேர் வாங்கித் தரல. யார்கிட்டயும் காசு கேட்டதில்ல, பொம்பளைங்ககிட்ட வழிஞ்சதில்ல. நீங்க எப்படியோ அப்படி இருந்தேன். யார் வந்தாலும் முதல்ல "உக்காருங்க"ன்னுதான் அடிப்பேன்.

ஸ்ரீலக்ஷ்மி ஜூன் மாசம் வந்தாங்க. "சார், நீங்க நிஜமாவே போலீஸா? ஆத்துல கம்ப்யூட்டர் இருக்கறதால பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்கோ"ன்னாங்க. உக்காருங்கன்னேன். "உக்காந்துண்டுதான் சார் அடிக்கறேன்"னாங்க. நான் தனியா உக்காந்து சிரிச்சது அன்னிக்குத்தான். பாய் எட்டிப் பாத்துட்டு, "இன்னா வேலு, பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி ஸ்கிரீனப் பாத்து இளிச்சுக்கினு கீற?"ன்னாரு.

வீடு ராஜா அண்ணாமலைபுரத்துல, ரெண்டாவது மாடி ஃபிளாட். வீட்டுக்காரர் ராமானுஜம், கம்ப்யூட்டர் கம்பெனியில பெரிய வேலை. காலையில ஒம்பது மணிக்குக் கிளம்புறப்ப வாசல் கிரில் கேட்டை வெளிப்பக்கம் பூட்டிட்டுப் போயிடுவாரு. டெலிபோனைக் கழட்டி பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாரு. ஆனா சுவத்துல இருக்கிற ஒயரைக் கம்ப்யூட்டர்ல சொருகலாம்னு அந்த அம்மா கண்டுபிடிச்சாங்க. பாஸ்வேர்டு அவங்க கல்யாணத் தேதி. பதினொண்ணுலேருந்து பன்னண்டு. அதுக்கு மேல போனா பில்லுல தெரிஞ்சுடும். அந்த ஒரு மணி நேரம் என்கூட. அப்பா அம்மா கும்பகோணத்துல, அவங்களுக்கு ஈமெயில்னா என்னன்னே தெரியாது. வேற யாரும் இல்ல.

எதிர் ஃபிளாட்ல பங்கஜம்னு ஒரு மாமி. ராமானுஜம் அவங்ககிட்ட, என் பெண்டாட்டிக்குப் புத்தி சரியில்ல, வெளிய விட்டா ஓடிடுவா, டாக்டரே பூட்டி வைக்கச் சொல்லிருக்காருன்னு சொல்லி வெச்சிருந்தாரு. மாமி பாதி நம்பினாங்க. இருந்தாலும் கிரில் வழியா ரசம் குடுப்பாங்க.

இதையெல்லாம் ஜூலை மாசம்தான் சொன்னாங்க. முழங்கையில அவரு சூடு வெச்சதையும் அன்னிக்குத்தான் சொன்னாங்க. "இதை ஒரு கம்ப்ளெயின்டா எடுத்துப்பேளா சார்?"னு கேட்டாங்க.

எடுத்துக்கிட்டேன் ஐயா. அன்னிக்கு மத்தியானமே உக்காந்து மனு அடிச்சேன். கதவு நம்பர், மாடி, ஆபீஸ் பேர், எல்லாம். அஞ்சு வருஷத்துல நான் அடிச்சதுலயே நல்ல மனு அதுதான். நாலா மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு உங்க ஸ்டேஷன் வாசல் வரைக்கும் நடந்தேன். சென்ட்ரி, "இன்னா நைனா, இன்னா வோணும்?"னாரு. ஒண்ணும் இல்லன்னு திரும்பிட்டேன்.

ஏன்னு நேத்து மூணு தடவை கேட்டீங்க. பொறுமையா யோசிச்சுச் சொல்றேன். மனுவை நீட்டினா, உனக்கு எப்படிய்யா தெரியும்னு கேப்பீங்க. இன்ஸ்பெக்டர்னு சொல்லிப் பேசினேன்னு சொல்லணும். உங்க முகத்துல நான் அதைப் பாக்கணும். அது ஒண்ணு. அப்புறம் ஜீப் போகும், பூட்டை உடைப்பாங்க, அந்த அம்மா கீழ இறங்கி வந்து, இன்ஸ்பெக்டர் எங்கன்னு தேடுவாங்க. அங்க நீங்க நிப்பீங்க, நான் இல்ல. மறுநாள் கும்பகோணத்துக்கு பஸ். பதினோரு மணிக்கு யாரும் வர மாட்டாங்க.

நான் அவங்களைப் பூட்டல. பூட்டினது அவரு. இதை மட்டும் குறிச்சுக்குங்க.

அவங்க அப்பா தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவரு. அதனால அந்த அம்மாவுக்கு ரசீது விஷயம் தெரியும். "மனு ரசீது நம்பர் என்ன சார்?"னு கேட்டாங்க. ஜவஹர்னு ஒருத்தர் சைக்கிள் காணோம்னு மனு குடுத்து, ரசீதை ஜெராக்ஸ் எடுக்க என் மேஜை மேல வெச்சிட்டுப் போயிருந்தாரு. அதைப் பாத்து 318 பை 99னு அடிச்சேன். ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. அப்புறம், "அழுதுண்டிருக்கேன் சார், அதான் லேட்டு. இன்னிக்குத்தான் தூங்கப் போறேன்"னு வந்துது. ஒரு நம்பர்தான் ஐயா. அது அவ்வளவு நிம்மதி குடுக்கும்னு எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் தினமும் கேஸைப் பத்திச் சொல்லுவேன். ரகசிய விசாரணை நடக்குது, அவரு ஆபீஸுக்கு மஃப்டியில ஆள் போயிருக்கு, மேலதிகாரி கையெழுத்துக்கு ஃபைல் போயிருக்குன்னு. ஸ்டேஷன் வேலை எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியுமே. எதையும் அவசரமாச் சொல்லல. அவங்களும் அவசரப்படுத்தல. பாதி நாள் நான் என்ன சாப்பிட்டேன்னு விசாரிப்பாங்க. ஹோட்டல் சாப்பாடு வயித்துக்கு ஆகாது, மோர் குடிங்கோன்னு சொல்லுவாங்க. மெட்ராஸுக்கு வந்து நான் மோர் குடிக்க ஆரம்பிச்சது அவங்க சொல்லித்தான்.

ஆகஸ்ட்ல ஒரு நாள் மாமி, அந்த அம்மா கையில இருந்த சூட்டுத் தழும்பைப் பாத்துட்டாங்க. "நான் போய் ஸ்டேஷன்ல சொல்லிட்டு வரேன்டி"ன்னு செருப்பு மாட்டிட்டாங்களாம். இவங்கதான் தடுத்திருக்காங்க. "வேண்டாம் மாமி, ஏற்கெனவே நம்பர் போட்டாச்சு. இன்ஸ்பெக்டர் எனக்காக எவ்வளவு பண்றார். நடுவுல இன்னொருத்தர்கிட்ட போனா அவருக்கு அவமானம்"னு சொல்லி, நம்பரைக் காலண்டர் தாள்ல எழுதி மாமிகிட்ட குடுத்து வெச்சாங்களாம். மறுநாள் என்கிட்ட, "சரியாப் பண்ணினேனா சார்?"னு கேட்டாங்க. ரொம்ப சரின்னு சொன்னேன். எனக்காக அதுவரைக்கும் யாரும் யாரையும் தடுத்ததில்ல ஐயா.

அக்டோபர் கடைசியில மழை புடிச்சுக்கிச்சு. ராமானுஜம் திங்கக்கிழமை பெங்களூர் போனாரு, வெள்ளிக்கிழமைதான் வருவாரு. ரெண்டு பிரெட், ஒரு டப்பா பால் பவுடர் வெச்சுட்டுப் பூட்டிட்டுப் போயிட்டாரு. அந்த அம்மாவுக்கு மழைன்னா இளைப்பு வரும். உறிஞ்சுற மருந்து செவ்வாக்கிழமை தீந்துபோச்சு.

புதன்கிழமை பதினொண்ணு பத்துக்கு வந்தாங்க. வழக்கமா வேகமா அடிப்பாங்க. அன்னிக்கு ஒரு வார்த்தை வந்து, இடைவெளி விட்டு, இன்னொரு வார்த்தை வந்துது. "மூச்சு விட முடியல சார். ஃபைல் அப்புறம் வரட்டும். இன்னிக்கு வந்துடுங்கோ."

ஜீப் கிளம்பிடுச்சுன்னு அடிச்சேன்.

வேற என்ன அடிக்க முடியும் சொல்லுங்க. ஜூலையிலேருந்து கேஸ் நடக்குது. எந்த இன்ஸ்பெக்டர் அந்த நேரத்துல வரலன்னு சொல்லுவாரு? நீங்க சொல்லுவீங்களா?

பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு, அடையார் பாலத்துக்கிட்ட டிராஃபிக்னு அடிச்சேன். மழை நாள், டிராஃபிக் இருக்கத்தான் செய்யும். அப்ப பாய் வந்து, "டேய், அந்த வக்கீல் அபிடவிட்டு இன்னா ஆச்சு? ஆளு வந்து கத்திக்கினு கீறான்"னாரு. அஞ்சு நிமிஷம் பாய்னேன். திரும்பிப் பாக்குறேன், ஒரு வரி வந்து நிக்குது.

"மாமி வந்திருக்கா. நான் இழுத்துண்டிருக்கறதைப் பாத்துட்டா. வாட்ச்மேனைக் கூட்டிண்டு வந்து பூட்டை ஒடைச்சுடறேங்கறா. சரின்னு சொல்லட்டுமா?"

நான் அடிச்சதை அப்படியே எழுதுறேன். "வேண்டாம். பூட்டு முக்கியமான சாட்சி. போலீஸ் வந்துதான் உடைக்கணும். இல்லன்னா கேஸ் நிக்காது."

சட்டப்படி அது சரியான வார்த்தைதானே ஐயா? எத்தனை மனுவுல அடிச்சிருக்கேன்.

"சரி சார். நான் கிரில் கேட் பக்கத்துலயே போய் உக்காந்துக்கறேன், நீங்க வந்தா ஒடனே தெரியும். மாமியைப் போகச் சொல்லிடறேன். தேங்க்ஸ் சார்." அதோட லைன் போயிடுச்சு. பதினொண்ணு நாப்பது.

நான் அபிடவிட்டை முடிச்சுக் குடுத்தேன். மத்தியானம் எலுமிச்சம்பழ சாதம் சாப்பிட்டேன். மோரும் குடிச்சேன். வெளிய ஒரு ஜீப் சத்தம் கேட்டப்ப எனக்கே ஒரு நிமிஷம், போகுது பாருன்னு தோணுச்சு.

மாமி ரேஷன் கடைக்குப் போயிட்டு மூணு மணிக்கு வந்தாங்களாம். கிரில்ல தலையைச் சாச்சு உக்காந்திருந்தாங்களாம் அந்த அம்மா, ரோட்டைப் பாத்தபடி. கூப்பிட்டா திரும்பலையாம். இதெல்லாம் நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்ப எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உக்காந்தேன், வரல. வெள்ளிக்கிழமை வரல. பதினோரு நாள் உக்காந்தேன். வேற யாரோ ஃபிரண்டு கிடைச்சிருப்பாங்க, என்னை மறந்துட்டாங்கன்னு கோவம்கூட வந்துச்சு. அந்தக் கோவத்தை நெனச்சாத்தான் இப்ப சங்கடமா இருக்கு.

மாமி காலண்டர் தாளை எடுத்துக்கிட்டு அவங்க பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய், நம்பர் போட்டும் ஏன் வரலன்னு சண்டை போட்டிருக்காங்க. அங்க அந்த நம்பர்ல வேற எதுவோ இருந்திருக்கு. ஒவ்வொரு ஸ்டேஷனாத் தேடி, உங்க ஸ்டேஷன்ல ஜவஹர் சைக்கிள் மனுவுல வந்து நின்னிருக்கு. மனுவோட அடியில எங்க கடை முத்திரை. நீங்க கடைக்குள்ள வந்தப்ப நான் எழுந்து நின்னேன். இந்தத் தடவை நீங்க உக்காருன்னு சொல்லல.

போட்டோ காட்டினீங்க. அவங்க முகத்தை நான் பாத்தது அதுலதான். நான் நெனச்சு வெச்சிருந்த மாதிரி இல்ல. ரொம்பச் சின்ன முகம்.

ஜீப் கிளம்பலன்னு எனக்குத் தெரியும். எந்த ஜீப்புக்கும் யாரும் சொல்லலன்னும் தெரியும். அவங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு தெரிஞ்சுதான் பூட்டைத் தொடாதீங்கன்னு அடிச்சேன். இதை யாரும் அடிச்சு வாங்கல, மிரட்டி வாங்கல. ஆனா ஒண்ணு, கடைசி நேரத்துல அவங்க பயப்படல. போலீஸ் வருதுன்ற தைரியத்துலதான் உக்காந்திருந்தாங்க. அந்த தைரியத்தைக் குடுத்தது நான்.

இன்னொண்ணு. அந்த மனு பத்திரமா இருக்கு. என் மேஜையில ரெண்டாவது டிராயர், கார்பன் பேப்பர் டப்பாவுக்கு அடியில. ஆள் அனுப்பி எடுத்துக்குங்க. ஜூலை பதினாலுன்னு தேதி போட்டு, ரெண்டு பக்கம். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன். நீங்களே படிச்சுப் பாருங்க ஐயா, ஒரு தப்பு இருக்காது.