கன்றுக்குட்டிக் கனவு விற்பனை தொடர்பாக

என் பெயர் பியோ ஜங்நான். வயது நாற்பத்திரண்டு. கணவர் பெயர் யோம் தொக்சு, கணவாய் பிடிக்கும் படகில் வேலை, இப்போது கடலில் இருக்கிறார். மாசான் துறைமுகச் சந்தைக்குப் பின் தெருவில் மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, அதே சந்தையில் தொடுகறிக் கடை நடத்தி வருகிறேன். இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை. பேருந்து ஓட்டுநர் தாக் உன்ஹே என்பவரை நான் மிரட்டியதாக அவருடைய கணவர் மோ கிதே கொடுத்த புகாரின் பேரில் இன்று நிலையத்துக்கு வரச் சொன்னார்கள், வந்தேன். உதவி ஆய்வாளர் பாங் சுஹியாங் அம்மையார் கேட்க, நான் சொல்வதாவது.

உன்ஹேவை எனக்கு மருத்துவமனையில்தான் பழக்கம். பிள்ளை இல்லாத பெண்களுக்கு வெளியே கருவை உண்டாக்கி உள்ளே வைக்கும்போது, அது பிடித்து நிற்பதற்கு ஒரு புது மருந்து உதவுமா என்று அங்கே ஆய்வு நடக்கிறது. பாதிப் பேருக்கு மருந்து ஏற்றுவார்கள், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, ஏற்றுகிற நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பாட்டிலுக்குக் கறுப்பு உறை போட்டிருப்பார்கள். அடுத்தடுத்த கட்டிலில் படுத்தபடி நானும் உன்ஹேவும் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருப்போம். "எனக்கு உப்புத்தண்ணிதான்க்கா. உங்க கடை முட்டைக்கோஸ் மாதிரி நல்லா ஊறிட்டேன்" என்பாள். நான் குலுங்கிச் சிரிப்பேன். "ஆடாதீங்க, ஊசி நழுவிரும்" என்று ஆய்வு நர்ஸ் கில் ஏரான் அதட்டுவாள். அப்படிப் பழகினவர்கள்தான் நாங்கள்.

அதன் பிறகு, போன இலையுதிர் காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் கருவை உள்ளே வைத்தார்கள். அந்த வாரம் எனக்குக் கருக்கனவு வந்தது. அரசு வழக்கறிஞர் படிப்பார், விளக்கிச் சொல்லுங்கள் என்று அதிகாரி கேட்டுக்கொண்டதால் சொல்கிறேன். ஒரு பிள்ளை வரப்போகிறது என்றால் அதற்கு முன் யாருக்காவது கனவில் அது தெரியும். தாய்க்கே வர வேண்டும் என்றில்லை. வேறொருத்திக்கு வந்தால் அவளிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். விலை எதுவாகவும் இருக்கலாம், ஆனால் கை மாற வேண்டும். எனக்கு வந்த கனவில் ஒரு கறுப்புக் கன்றுக்குட்டி கடைக்குள் நடந்து வந்து, என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதன் மூக்கு ஈரம் துணியைத் தாண்டித் தொடையில் பட்டது. விழித்த பின்பும் அந்த இடம் சில்லென்று இருந்தது.

ஆனால் ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. உன்ஹேவுக்கு மறுநாள்தான் பரிசோதனை. கடைக்கு வந்து, நான் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் நின்று கறி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவளே கட்டிக் கொடுத்தாள். அதன் பிறகு, "அக்கா, அந்தக் கன்னுக்குட்டி வீணாப் போகுதே, எனக்குக் குடுத்துருங்க" என்று கேட்டாள். எடுத்துக்கோ என்றேன். சும்மா வாங்கினால் செல்லாது என்று எதிர்க்கடையில் உள்ளே பஞ்சு வைத்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி என் கையில் மாட்டிவிட்டாள். காய் ஊறவைக்கும் உப்புத் தண்ணீரில் என் விரல்கள் வெடித்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் பரிசோதனையில் அவளுக்குக் கரு பிடித்து நின்றுவிட்டது என்று வந்தது.

அப்போது எனக்குச் சந்தோஷமா என்று அதிகாரி கேட்டார். முதலில் சந்தோஷம்தான். அதன் பிறகு அவள் வயிறு தெரிய ஆரம்பித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுத வேண்டாமே என்றார். எழுதுங்கள் என்றேன். நாற்பத்துமூன்று வயது ஆகிவிட்டால் ஆய்வில் இடமில்லை, எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கரு. அதை உள்ளே வைக்கப் போகிறார்கள், எனக்கோ கனவு எதுவும் வரவில்லை. தூங்குவதும் விழிப்பதுமாக வெறும் இருட்டுதான். ஆகையால் பேருந்துப் பணிமனைக்குப் போய், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்த உன்ஹேவிடம் கனவைத் திருப்பிக் கேட்டேன்.

அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, "இப்போ உதைக்குதுக்கா. இதை எப்படித் திருப்பித் தர்றது?" என்றாள். நான் கையை உதறினேன். "அது என் கன்னுக்குட்டி. நீ வயித்துல வச்சுக்கிட்டு சுத்துற. பாத்துக்கிட்டே இரு, அதுவா எங்கிட்ட வந்துரும்" என்று மற்ற ஓட்டுநர்கள் காதில் விழும்படி சொன்னேன். புகாரில் எழுதியிருப்பது உண்மை. அதன் பிறகு கையுறையைக் கழுவிக் கொண்டுபோய் அவள் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். விலையைத் திருப்பிவிட்டால் வியாபாரம் முறிந்தது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்கும் அது தெரியும்.

அன்றிரவு கன்றுக்குட்டி வந்தது. இந்தத் தடவை படுக்கவில்லை. கடை வாசலில் நின்றுகொண்டு, பின்னால் யாரோ கூப்பிடுவதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான்தான் கயிற்றைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அது கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. கடையில் கறி கிளறும்போதும் கேட்கிறது.

அதன் பிறகு கருவை வைத்தார்கள். நேற்று முடிவு வாங்கப் போனேன். "நின்னிருச்சுக்கா. உங்களுக்கும் நின்னிருச்சு" என்று கில் ஏரான் என்னைக் கட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவை. சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படியே வராந்தாவுக்கு வந்தால் அங்கே மோ கிதே சுவரில் தலையைச் சாய்த்து நிற்கிறார். நான் கையுறையைக் கதவில் மாட்டிவிட்டு வந்த மறுநாளே உன்ஹேவுக்கு ரத்தம் போக ஆரம்பித்ததாம். இப்போது கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டதாம். தையல் போட்டாலும் நிற்கும் என்று சொல்ல முடியாதாம். ஆபத்து என்றால் மட்டும் ஆய்வில் யாருக்கு எது ஏற்றினார்கள் என்று திறந்து பார்ப்பார்கள். திறந்து பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு ஏற்றியது உப்புத் தண்ணீர்.

"மருந்தே இல்லையாம். வெறும் உப்புத்தண்ணி. அப்போ எங்க பிள்ளையை இத்தனை மாசம் எது பிடிச்சு வச்சிருந்துச்சு? அதைத்தானே நீங்க பிடுங்கிட்டுப் போனீங்க" என்று மோ கிதே கேட்டார். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிற மனிதர், கனவை நம்புகிறவர் இல்லை. கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. எனக்கு ஏற்றியது என்ன என்று நர்ஸிடம் போய்க் கேட்டேன். மருந்து என்று சொல்லிவிட்டால் போதும், அதனால்தான் நின்றது என்று வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். "உங்களுக்கு ஆபத்து இல்லியேக்கா, திறக்க முடியாது" என்றாள்.

இப்படியெல்லாம் நடக்காது, ரத்தம் போனதற்கும் கையுறைக்கும் சம்பந்தமில்லை என்று அதிகாரி சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய. அதன் பிறகு, கனவை உன்ஹேவுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும், அவளைத் தையல் போட உள்ளே கொண்டுபோகும் முன் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். வாக்குமூலத்தில் அதற்கு இடமில்லை என்றார். அப்படியானால் ரேகை வைக்க மாட்டேன் என்றேன். அவரே வார்டுக்குத் தொலைபேசியில் பேசி, உன்ஹேவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியை என்னிடம் கொடுத்தார். பேசியது கீழ்வருமாறு.

"உன்ஹே, கன்னுக்குட்டி உன்னோடது. போலீஸ் முன்னாடி சொல்றேன். நான் விட்டுட்டேன்."

"உங்களுக்கு நின்னிருக்குன்னு ஏரான் சொன்னாக்கா."

"ஆமா."

"அப்புறம் ஏன் தர்றீங்க? வேணாம்க்கா. பயமா இருக்கு."

"உன்னோடது உதைக்குது. என்னோடது இன்னும் உதைக்கல. வாங்கிக்கோ."

அவள் அழுதாள். வாங்கிக்கிட்டேன்க்கா என்று சொன்னது எனக்கும் அதிகாரிக்கும் தெளிவாகக் கேட்டது. என் கணவருக்கு நான் கர்ப்பம் என்ற விஷயம் இன்னும் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டவை எல்லாம் என் வாயால் சொன்னவை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஆசை காட்டவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. தொலைபேசியை வைத்ததிலிருந்து எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. கழிவறைக்குப் போக வேண்டும். தனியாகப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாததால், அதிகாரி அம்மையார் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். போய்விட்டு வந்து ரேகை வைக்கிறேன்.

பியோ ஜங்நான்
என் முன்பாக: உதவி ஆய்வாளர் பாங் சுஹியாங்