நாற்பத்தொன்றாம் நம்பர் தூள்

எலிகளுக்கு வெள்ளரிக்காய் என்றால் உயிர் என்பது பலருக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டர். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருடமாக எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. கேட்டுப் பாருங்கள்.

எண்பத்தாறாம் வருடம், மூளையின் கொதிப்பை அடக்க ஒரு தூள் வந்தது. பெயர்கூட வைக்கவில்லை, நாற்பத்தொன்றாம் நம்பர் என்போம். ஒன்றையொன்று கடித்துக் குதறிய எலிகள் இரண்டே நாளில் மூலையில் ஒட்டி உட்கார்ந்தன. நான்காம் வாரம், தீனி முன்னால் இருந்தும் தின்னத் தோன்றாமல் செத்தன. சோதனையை நிறுத்தி, மிச்சத்தை எரிக்கச் சொன்னார்கள். நான் ஒரு டின் எடுத்துவைத்தேன். நல்ல மருந்தை வீணாக்க மனம் வரவில்லை.

கிள்ளானில் அக்கா இராஜம்மா வீட்டில்தான் இருந்தேன். அவள் மகள் புஷ்பவல்லி பிறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. குழந்தையை என் மடியில் வைத்து, "இந்தாடா, உன் பொண்டாட்டி. பத்திரமா பாத்துக்க," என்றாள் அக்கா. பார்த்துக்கொண்டேன். இருபத்து நான்கு வருடம் வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தாய்மாமன் அக்கா மகளைக் கட்ட மலேசியச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

அவள் டீச்சரானதும் பெண் கேட்டேன். அக்கா புருஷன் வேலாயுதம் எழுந்தே விட்டார். "எலிப் பீ அள்ளுறவனுக்கு டீச்சர் பொண்ணு கேக்குதா? சும்மா இரு லா!"

அக்கா சிரித்தாள். "ஐயோ தம்பி, எல்லா வீட்லயும் சொல்றதுதானடா. அது விளையாட்டு."

அந்தச் சிரிப்பில் என் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. என் வாழ்க்கை இவர்களுக்கு விளையாட்டாம். ஆனாலும் நான் குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் முதலில் எழுந்து எல்லோருக்கும் கோப்பி கலக்குவது நான்தான்.

வேலாயுதத்துக்கு ஐந்து நாள் ஆனது. மறுபடி கேட்டேன். "சரி," என்றார். அக்காவுக்கு ஒரு வாரம். அவளும் "சரி" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

புஷ்பவல்லிதான் அழுதாள். "மாமா, நீங்க என்னைத் தூக்கி வளத்தவரு. என்னால முடியாது. அம்மா அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு மாமா, டாக்டர்கிட்ட போவோம், வாங்க."

நாளைக் காலையில் போகலாம் என்றேன். காலையில் அவளுக்கும் கோப்பி கொடுத்தேன். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டதால் தூளின் அளவை மூன்று மடங்காக்க வேண்டியிருந்தது.

வேலாயுதம் போன வெள்ளிக்கிழமை இறந்தார். சோறு அப்படியே தட்டில் இருந்தது. அக்கா மூச்சு மட்டும் விடுகிறாள். மூன்று பேருக்கும் கொடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பெண்ணைக் கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோயிலில் நூறு பேர் பார்த்தார்கள். தாலி கட்டும்போது அவள் தலை நிமிரவே இல்லை. புதுப்பெண், வெட்கம் இருக்காதா?