நான்காவது எண்

எழுத்தின் அளவைப் பற்றி என்னிடம் இவ்வளவு அக்கறையாகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் ஐயா. என் மனைவி முப்பது வருடத்தில் ஒரே ஒருமுறை கேட்டாள்; நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை விட்டாள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை.

எங்கள் அச்சகத்தில் பக்கம் கோப்பது கணினியில். ஆனால் எங்கள் மென்பொருளில் எழுத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்க முடியாது. கட்டளையாக எழுத வேண்டும். வாக்கியத்தின் அளவு வேறு, கணக்குச் சூத்திரத்தின் அளவு வேறு. ஒன்றைப் பெரிதாக்கினால் மற்றது வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும் என்று நம்பக் கூடாது. கோப்பின் தலைப்பகுதியில் ஒரே வரியில் நான்கு எண்கள் கொடுக்க வேண்டும். வாக்கியத்துக்கு ஒன்று. சூத்திரத்துக்கு ஒன்று. சூத்திரத்தின் தோளில் ஏறி உட்காரும் அடுக்கு எண்ணுக்கு ஒன்று. அந்த அடுக்கே பின்னமாக இருந்தால், அந்தப் பின்னத்துக்கு ஒன்று. புத்தகம் முழுவதும் அந்த ஒரு வரிக்குக் கட்டுப்படும்.

இந்தப் புத்தகத்துக்கு நான் கொடுத்தது பதினொன்று, பதினொன்று, எட்டு, ஆறு. பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் குழந்தைக்கு எவ்வளவு மயக்க மருந்து கொடுக்கலாம் என்று சொல்லும் சிறிய கையேடு அது. நர்சுகள் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. எழுதியவர் பெரிய டாக்டர். பெரியவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; என் பிரச்சினை அவருடைய விரல்தான்.

விரலை நாக்கில் வைத்துத்தான் தாளைப் புரட்டுவார். தொட்டு எடுப்பதல்ல, தூரிகையைப் பசைக் குப்பிக்குள் விடுவதுபோல அடிவரை விட்டு எடுப்பார். நடுவில் அதே விரலால் காதைக் குடைவார். பிறகு மறுபடியும் நாக்கு. இருபது வருடத்தில் அவருடைய ஏழு புத்தகங்களைக் கோத்திருக்கிறேன். என் தாள்களில் அவர் விட்டுப்போன எச்சிலைச் சேர்த்திருந்தால் ஊருக்கு ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கலாம். குளிக்கத்தான் ஆள் வராது. அவர் பார்த்துக் கொடுத்த மெய்ப்பை நான் இடுக்கியால்தான் புரட்டுவேன். இந்தமுறை பன்னிரண்டாம் பக்கமும் அடுத்த பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தேன். எச்சில் நூல் நூலாக வந்தது.

அப்போது அவர் பக்கத்தில்தான் நின்றார்.

“யோவ், என் முன்னுரை எறும்பு ஊர்றாப்ல இருக்கு. பெருசாக்கு.”

“பக்கம் எகிறிடும் டாக்டர்.”

“அப்ப கணக்கைச் சின்னதாக்கு. அதை எவன் பார்க்கப் போறான்.”

சொல்லிவிட்டு, ஈர விரலை என் சட்டைக் கையில் துடைத்தார். தட்டிக்கொடுப்பதாக நினைத்திருப்பார்.

அவர் சொன்னதைத்தான் செய்தேன். அவர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுப் போன பிறகு, நான்காவது எண்ணை ஆறிலிருந்து ஒன்றாக்கினேன்.

அந்தக் கையேட்டில் அடுக்கில் பின்னம் வருகிற இடம் ஒன்றே ஒன்று. பன்னிரண்டாம் பக்கம். குழந்தையின் எடை, அதன் தோளில் முக்கால். ஒன்று என்ற அளவில் முக்கால் எண்ணாகத் தெரியாது. நசுங்கிய கொசுவின் கால்போலத் தெரியும். மற்ற அடுக்குகளெல்லாம் எட்டிலேயே நிமிர்ந்து நிற்கும். பதினாறு கிலோ குழந்தைக்கு முக்கால் அடுக்கோடு கணக்குப் போட்டால் எட்டு வரும். அடுக்கு கண்ணில் படாவிட்டால் பதினாறு பதினாறுதான். சரியாக இரண்டு மடங்கு மருந்து. குத்துமதிப்பாக எதையும் செய்கிற ஆளில்லை நான். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். புத்தகம் நாறினால் அட்டையில் இருக்கும் பெயர்தானே நாறும்.

மெய்ப்புப் பார்க்கும் தங்கச்சிக்குக் கண் கூர்மை. கடைசிப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, எடைக்கு மேல என்னமோ ஒட்டியிருக்கு. கொசுவை அடிச்சீங்களா?”

“பிரிண்டர் மைத்தூசுதாம்மா. அச்சுப் பிளேட்டுக்குப் போனா போயிடும்.”

“நீங்க சொன்னா சரிதான். உங்க பக்கத்துல நான் தப்பு தேடுறது மொட்டைத் தலையில பேன் தேடுறாப்லதான்” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் எனக்கு ஓய்வு. கைக்கடிகாரம் கொடுத்தார்கள், அரை மணி நேரம் பின்னால் ஓடுவது.

இரண்டு மாதத்தில் நீங்கள் போலீஸ்காரர்கள் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். கடைசிக் கையெழுத்து அவளுடையது. அவள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். “மாமா, அம்மா உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க. அது தூசுன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்களாம்.” குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன். தூசுதானம்மா, பயப்படாதே என்று அனுப்பிவைத்தேன். அப்போது உங்களிடம் வந்து சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

பிறகுதான் உங்கள் விசாரணை அறிக்கை வந்தது. பக்கம் கோத்தவரும் மெய்ப்புப் பார்த்தவரும் செய்த கவனப்பிசகு என்று எழுதியிருந்தீர்கள். பெரிய டாக்டர் தொலைக்காட்சியில் தோன்றி, அச்சுப்பிழைக்கு வருந்துகிறேன் என்றார். வருந்திவிட்டு விரலை நக்கிக் குறிப்புத் தாளைப் புரட்டினார்.

ஐயா, முப்பத்தொரு வருடத்தில் என் கைவழியாக ஒரு பிழை வெளியே போனதில்லை. அன்றும் போகவில்லை. நான்காவது எண் ஒன்று என்றுதான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒன்று என்றுதான் இருந்தது. கவனப்பிசகு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். தங்கச்சியை வீட்டுக்கு அனுப்புங்கள். என்னை நம்பியதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை.

குழந்தைகளைப் பற்றி நினைக்கவே இல்லையா என்று கேட்டீர்கள். நினைக்காமல் இருப்பேனா. பத்துக் குழந்தைகளுக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கணக்கு வைத்திருந்தேன். மூன்றிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஏழு குழந்தைகள் தப்பித்திருக்கின்றன. எனக்குச் சாதகமாக அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.