மூஞ்சிக்கு நேரா

...உப்பு ஜாஸ்தியாம்! என் வீட்ல உக்காந்து, நான் போட்ட சோத்தைத் தின்னுட்டு, என் மூஞ்சிக்கு நேரா! வேற யாரு, என் சம்பந்தியம்மாதான். மருமகளோட அம்மா. ...பாத்து ஏறும்மா. லிஃப்ட் ரிப்பேர்னா கேக்க நாதியில்ல. குடிவந்த வாரமே உனக்கு இந்தப் பாடு.

நம்ம வீட்ல அப்படியா? விருந்துக்குப் போனா, வாயில வைக்க முடியலேன்னாலும் பிரமாதம்னு சொல்லிட்டு வருவோம். அது ஒரு மரியாதை. என் பையன்கிட்ட சொன்னா... காலேஜ்ல பாடம் நடத்தறவனாச்சே... "அம்மா, அது அவங்க பண்பாடு, இது நம்ம பண்பாடு. எது ஒசத்தின்னு நிறுத்துப் பாக்க தராசு கிடையாது"ங்கறான். சரிடா சாமின்னு விட்டுட்டேன்.

அப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல கட்டின்னு டாக்டர் சொன்னாரு. நல்ல கட்டி இல்லம்மா. அவர்கிட்ட வெறும் புண்ணுன்னு சொல்லி வச்சோம். மனுஷன்... கொஞ்சம் நில்லு, மூச்சு வாங்குது... மனுஷன் பயந்துடக் கூடாதில்ல? நான், பையன், மருமக, மூணு பேருக்கும் ஒரே பேச்சு. மருமககூட நம்ம வழிக்கு வந்துட்டா!

அந்தச் சம்பந்தியம்மா பாக்க வந்தாங்க. "எனக்கு என்னதாங்க வியாதி?"ன்னு இவர் கேட்டாரு. பட்டுனு போட்டு ஒடச்சுட்டாங்க. "கேன்சருங்க. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்."

என் பையன் குதிச்ச குதி இருக்கே! அநியாயம்ங்கறான், மனுஷத்தன்மையே இல்லங்கறான். நானும்தான் குதிச்சேன்... இருந்தாலும், "ஏண்டா, இப்ப மட்டும் தராசு எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு கேட்டேன். காலேஜுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டான்.

இவர் என்ன பண்ணாரு தெரியுமா? மயங்கல, அழல. "எனக்கு எப்பவோ தெரியும். நீ தாங்க மாட்டியேன்னுதான் தெரியாத மாதிரி இருந்தேன்"னாரு. எங்கிட்டயே நடிப்பு!

இப்ப தினம் சாயங்காலம் ஆனா சட்டையை மாட்டிக்கிட்டு அந்தம்மா வீட்டுக்குக் கெளம்பிடறாரு. அங்க உக்காந்து ஆபரேஷனைப் பத்திப் பேசறாராம். "பயமா இருக்குங்க"ன்னாராம்... மருமக சொல்லித்தான் எனக்கே தெரியும். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணவ நான். பயத்தைக் கொண்டுபோய்க் கொட்டறது அங்க. வீட்டுக்கு வந்தா, "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்"... நானும் ஆமாம்னு சிரிக்கறேன்.

நீயே சொல்லும்மா. அந்தம்மா பண்ணது தப்புதானே? நான் பண்ணதுதானே சரி? ...ஆங், தலையாட்டற பாரு. அது நியாயம்!

ஏம்மா... நெஜமாத்தான் சொல்றியா? இல்ல, எம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?

...அட, உன் மாடி வந்துடுச்சா? இரும்மா, கதவைச் சாத்திடாத... பதில் சொல்லிட்டுப் போயேன்...