கூட்டினால் மிஞ்சுவது

"கூட்டுனா ஒண்ணுமே மிஞ்சாதுங்கப்பா."

யுத்த காலம், பெட்ரோல் தட்டுப்பாடு. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் கரி பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பின்னாலிருந்த கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கோ எரிச்சல். முன் இருக்கையில் ஒரு தகப்பனும் ஐந்து வயது மகளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெண்டையும் ஒண்ணையும் கூட்டச் சொன்னதற்குத்தான் அந்தப் பதில்.

"ஏங் கண்ணு மிஞ்சாது?"

"அம்மா வாசல் கூட்டுனா குப்பை மிஞ்சுதுங்களா?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அந்தக் கூட்டு வேற சாமி. இப்ப மாமன் ஊட்டுல இருந்து அம்மாளைக் கூட்டியாரப் போறமல்ல, அது மாதிரி. நம்மூட்டுல இப்ப எத்தனை பேரு?"

"நீங்களும் நானும். ரெண்டுங்க."

"அம்மாளும் புதுசாப் பொறந்த தம்பியும் வந்தா?"

ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "நாலுங்க."

"அதுக்குப் பேருதான் கூட்டறது."

பஸ் கிளம்பியது. மடக்கிய விரல்களையே வெகுதூரம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கும்போது நாலாவது விரலை மெல்ல நிமிர்த்தினாள்.

"அம்மாளை மட்டும் கூட்டுனாப் போதுமுங்கப்பா."