மஞ்சள் சீட்டு

கோடு போடாத தாள்களைக் கொடுத்துவிட்டு, “இதுல எழுத வருமா சார்?” என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார். வரும். கோடு இல்லாவிட்டாலும் எனக்கு வரி நேராகத்தான் வரும். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். நானும் இன்ஸ்பெக்டர்தான், ஆட்களைச் சோதிக்கிறவன் அல்ல, உதிரி பாகங்களைச் சோதிக்கிறவன். அதனால் உங்கள் வேலையின் சங்கடம் எனக்குத் தெரியும். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், குறுக்கே நீங்கள் எதுவும் கேட்க வேண்டியிருக்காது.

பெயர் தட்சிணாமூர்த்தி. வயது அறுபத்தாறு. ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, பட்டாபிராமுக்குப் பின்னால் குறிஞ்சி நகரில் ஒரு வீடு கட்டிக்கொண்டேன். மனை மலிவு. ஏன் மலிவு என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. ஏரியின் உபரிநீர்க் கால்வாய் எங்கள் நகருக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் ஓடுகிறது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் அக்கரையில். பாலம் கிடையாது. யாரோ எப்போதோ இரண்டு பழைய சிமென்ட் மின்கம்பங்களைக் குறுக்கே படுக்கப் போட்டு வைத்திருந்தார்கள். அதன்மேல்தான் முன்னூற்று நாற்பது வீட்டு ஜனமும் நடந்தது. சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர்.

அங்கே ஒரு பாலம் வேண்டும் என்று தொடங்கியதுதான் குறிஞ்சி நகர் மக்கள் இயக்கம். தொடங்கியவர் பஞ்சவர்ணம். வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அக்கரையில் பஸ் ஸ்டாப் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்றார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. மனு எழுத என்னைத் தேடி வந்தார். “நீ எழுது சார், நான் கூவுறேன்” என்றார். எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, அந்த வட்டாரத்துப் பேச்சே அப்படி. அவர் தலைவர், நான் செயலாளர். புது ஃபிளாட்டில் இருக்கும் ஐ.டி. கம்பெனிப் பெண் மைதிலி வாட்ஸப் குழுவைப் பார்த்துக்கொண்டாள். ஆட்டோ ஓட்டும் யூசுப் மைக் கட்டினார்.

போன உள்ளாட்சித் தேர்தலில் பஞ்சவர்ணத்தைச் சுயேச்சையாக நிறுத்தினோம். வாளிச் சின்னம். பிரசாரம் நடந்த நாட்களில் குறிஞ்சி நகரில் அடுப்பு அணையவே இல்லை. யார் வீட்டிலும் யாரும் சாப்பிடலாம் என்றிருந்தது. அறுபத்தொரு ஓட்டில் தோற்றோம். இரண்டு பெரிய கட்சிகளுக்கு நடுவில் அதைத் தோல்வி என்றே சொல்ல முடியாது. மனைவி போன பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

மூன்றாவது வாரம் கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர்.

தொழிற்சங்கத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். தேர்தல் முடிந்தால் பந்தலைப் பிரிக்கும்போது ஆட்களையும் சேர்த்துப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்களோ என்று தோன்றும். ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த இயக்கத்தை அப்படிச் சாக விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு என் வீட்டு போர்டிகோவில் கூட்டம். தெருவுக்கு ஒரு பொறுப்பாளர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. வராதவர் வீட்டுக்குத் திங்கட்கிழமை நானே போய், “உடம்பு சரியில்லையா?” என்று கேட்பேன். அடுத்த வாரம் அவர் வந்துவிடுவார். ஒரு வருஷத்துக்குள் நான்கு பேர் ஐம்பத்திரண்டு பேர் ஆனார்கள்.

இதெல்லாம் என்னுடைய ஒழுங்கினால் நடந்தது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. தினமும் காலையில் அந்த மின்கம்பத்தின்மேல் கால் வைக்கும்போது அவர்களுக்கு வரும் கோபம்தான் அவர்களைக் கொண்டுவந்தது.

அடுத்த தேர்தலுக்கு இரண்டரை வருஷம் இருக்கும்போது, ஆடி மாதத்தில் மாநகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. பாலத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. பாலம் வந்து இறங்க நகரின் பொது மனையில் கொஞ்சம் இடம் வேண்டும். ஆட்சேபணை இல்லை என்று நாங்கள் தீர்மானம் போட்டு நாற்பத்தைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும். கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மைதிலி உங்களிடம் காட்டியது அந்த அட்டையின் நகல். கையெழுத்து என்னுடையதுதான், சந்தேகம் வேண்டாம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண் கலங்கிவிட்டது. இரண்டாம் முறை யோசனை வந்தது. எட்டு மாதத்தில் பாலம் எழும்பிவிடும். ரிப்பன் வெட்டப் போவது எங்களைத் தோற்கடித்த கவுன்சிலர். அதற்கடுத்த ஞாயிறு போர்டிகோவில் நானும் பதிவேடும் மட்டும் உட்கார்ந்திருப்போம். குடிநீர் பாக்கி இருக்கிறது, பட்டா பாக்கி இருக்கிறது, சாக்கடை பாக்கி இருக்கிறது. அதற்கெல்லாம் ஆட்கள் வேண்டாமா? ஆட்கள் இருக்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச நாள் ஆற்றைக் கடக்காமல் இருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் எங்களிடம் மூன்று நிறச் சீட்டுகள் இருக்கும். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் தள்ளுபடி. இரண்டிலும் சேராததற்கு மஞ்சள் சீட்டைக் கட்டித் தனி அலமாரியில் வைப்போம். அதற்கு ஹோல்டு என்று பெயர். ஹோல்டு என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இப்போது வேண்டாம் என்று அர்த்தம். ஓய்வு பெற்று வரும்போது ஒரு கட்டு மஞ்சள் சீட்டு என் பையோடு வந்துவிட்டது. ஒன்றை எடுத்து அந்தக் கடிதத்தில் கட்டிப் பீரோவில் வைத்தேன். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால் எடுத்து, எப்படியாவது பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்பது திட்டம்.

அந்த ஞாயிறு பஞ்சவர்ணம் கேட்டார்: “இன்னா சார், லெட்டர் எதுனா வந்துச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

“வுடு. நாம இன்னா ஓடியா பூடப் போறோம்?” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாற்பத்தைந்து நாள் முடிந்து, புரட்டாசியில், யூசுப் கூட்டத்தில் எழுந்தார். “சார், என் மச்சான் வெல்டிங் பட்டறைல பழைய பைப்பு கெடக்குது. கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சுருலாம். அரை நாள் வேலை.”

நான் சொன்னேன்: “யூசுப், நாமளே கைப்பிடி வெச்சுக்கிட்டா ஆபீஸ்ல அதைப் போட்டோ எடுத்து, வசதி இருக்குன்னு ஃபைல்ல சேத்துருவாங்க. அப்புறம் பாலம் எங்கேர்ந்து வரும்?”

கை தட்டினார்கள். தற்காலிக ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். அந்த வாதத்தில் இன்றைக்கும் எனக்குப் பிழை தெரியவில்லை. உலகத்தில் எந்த இயக்கமும் அப்படித்தான் யோசிக்கும்.

ஐப்பசியில் மாநகராட்சி அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்தினோம். கிடைத்துவிட்ட பாலத்தைக் கொடு கொடு என்று எண்பது பேர் கேட்டார்கள். பஞ்சவர்ணத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. எஞ்சினியர் இறங்கி வந்து, “நீங்கதானே செக்ரட்டரி? உங்களுக்குத்தான்…” என்று ஆரம்பித்தார். “அதை அப்புறம் பேசிக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு நானே கோஷம் எழுப்பினேன். அதற்கு முன்னால் கோஷம் போட்டுப் பழக்கமில்லை எனக்கு. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எண்பது பேர் சார். தேர்தல் முடிந்து இரண்டரை வருஷம் கழித்து எண்பது பேர்.

கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் பஞ்சவர்ணம் போன் செய்தார். தனியாகவே அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்.

“சார், ஆடியிலயே உனுக்கு லெட்டர் போட்டாங்களாமே. போஸ்ட்மேன் வேற ஊட்ல குட்த்துட்டான் போல கீது. இப்பகூட ஒண்ணும் கெட்டுப் பூடல, அல்லாரும் சேர்ந்து வந்து தீர்மானம் குட்த்தா திருப்பி வாங்கிரலாம்னு எஞ்சினியர் சொன்னாரு. நாளிக்கு மீட்டிங்ல நானே சொல்றேன் சார். பாலம் வந்துட்ச்சு சார். நம்ம பாலம்.”

போனிலேயே அழுதார். அவருடைய குரலில் சந்தேகம் கொஞ்சமும் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த வாக்குமூலம் எந்த நாளைப் பற்றியதோ, அது மறுநாள். இரண்டு நாளாக மழை, ஏரி நிரம்பிக் கால்வாயில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது. “மீட்டிங்கைத் தள்ளி வெச்சுக்கலாமா சார்?” என்று மைதிலி குழுவில் கேட்டாள். மழையோ வெயிலோ பத்து மணி என்று பதில் போட்டேன். மழை என்றால் கூட்டமில்லை என்ற பழக்கம் ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு வெயில் என்றாலும் கூட்டம் இருக்காது.

பத்து மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது குடையோடு கரையில் நின்றேன். வேறு யாரும் இல்லை. வியாபாரத்தை முடித்துவிட்டு, காலி இட்லிக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் அக்கரையிலிருந்து கம்பத்தில் ஏறினார். கம்பத்துக்கு மேலேயே கணுக்கால் அளவு தண்ணீர் போனது. முக்கால் தூரம் வந்துவிட்டார். அங்கே நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“சார், கால் வழுக்குது. கையக் குடு சார்.”

நான்கடி தூரம் இருக்கும். கையை நீட்டினார். என்னுடைய வலது கையில் குடை இருந்தது. இடது கை சும்மாதான் இருந்தது.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதைத் தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். அவர் இந்தக் கரைக்கு வந்தால் பத்து மணிக்கு என்ன சொல்வார் என்று யோசித்தேன். ஐம்பது பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பதை யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றவில்லை. இப்போது வேண்டாம் என்று தோன்றியது. நான் கடிகாரம் பார்க்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் அவர் கையை நீட்டியபடியே நின்றார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சிரிப்பு மட்டும் மெதுவாகப் போய்விட்டது. இன்னொரு தடவை “சார்” என்றார். பிறகு குண்டான் விழுந்தது. அதைப் பிடிக்கப் போனார்.

அப்புறம்தான் கத்தினேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். ஓடி வந்தவர்கள் என்னைத்தான் இழுத்துப் பிடித்தார்கள். நான்தான் அதிகம் அழுதேன் என்று சாட்சி சொல்வார்கள், அதுவும் உண்மை.

எண்ணூறு பேர் வந்தார்கள் இறுதி ஊர்வலத்துக்கு. அவ்வளவு பேரை அவருடைய பிரசாரத்தில்கூட நாங்கள் பார்த்ததில்லை. ஃபிளெக்ஸில் போடும் வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கண்ணீர் விட்டுக்கொண்டே எழுதினாலும், இனி இந்த இயக்கம் பத்து வருஷம் நிற்கும் என்றும் நினைத்தேன்.

பத்து மாதம்கூட நிற்கவில்லை. ஒரு சாவு விழுந்ததும் தீர்மானமும் கேட்கவில்லை, ஆட்சேபணையும் கேட்கவில்லை. ஏழு மாதத்தில் பாலத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். கவுன்சிலர் ரிப்பன் வெட்டினார். அடுத்த ஞாயிறு பதினொரு பேர். அதற்கடுத்தது மூன்று பேர். யூசுப் இப்போது கவுன்சிலர் கட்சிக்கு மைக் கட்டுகிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாட்ஸப் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வருகின்றன. பாலத்தின்மேல் பைக்குகள் போய்க்கொண்டே இருக்கின்றன, யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. சாக்கடையும் பட்டாவும் அப்படியே இருக்கின்றன.

பாலத்தடியில் பஞ்சவர்ணத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும், அதில் நாங்கள் முதல் மனுக் கொடுத்த தேதியைப் பொறிக்க வேண்டும் என்று மைதிலி ஆசைப்பட்டாள். தேதிக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். மொத்தக் கோப்பையும் நகல் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில்தான் ஒப்புகை அட்டை இருந்தது. என் வீட்டு வாசலில் நின்று, “ஏன் சார்?” என்று மட்டும் கேட்டாள். நீங்களும் அதையே கேட்டீர்கள். ஒரு தேர்தலோடு முடிந்து போகாத ஒன்றைக் கட்ட ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் குற்றம் இருப்பதாக எனக்கு இன்னும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆட்கள் பதிவேட்டையும் எடுத்து வந்திருக்கிறார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை, அதை முடிந்தால் என்னிடம் பத்து மணிக்குக் கொடுங்கள். போன ஞாயிறு வரைக்கும் நான் ஒருவனே கூட்டத்தை நடத்தி, வராத ஐம்பது பேருக்கும் சிவப்பு மையில் குறி போட்டிருக்கிறேன். பஞ்சவர்ணம் பெயருக்கு நேரே மட்டும் ஒரு வாரம்கூடச் சிவப்பு விழவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் சார். அங்கே மஞ்சள் சீட்டுதான் கட்டியிருக்கிறது.